ஆரைக்கீரையும் அசோலாவும் பங்காளிகளா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து இளங்கலைத் தாவரவியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியின் சுருக்கம் இது: வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் மண்டிக்கிடக்கும் ஆரைக்கீரையை வீட்டில் புளியாரை இனம் என்கிறார்கள், கல்லூரியில் பெரணி என்கிறார்கள். ஒரு பழைய பாடநூல் ஆரையையும், தண்ணீரில் மிதக்கும் அசோலா, சால்வினியா இரண்டையும் நீர்ப்பெரணிகள் என்று ஒரே கட்டில் வைக்கிறது. இன்னொரு நூல், தண்ணீரில் வாழ்வதால்தான் அவை ஒன்றுபோல் தெரிகின்றன, உறவெல்லாம் கிடையாது என்கிறது. புதிய கட்டுரைகள் ஆரையின் குடும்பமும் அசோலா, சால்வினியாவின் குடும்பமும் சகோதரக் குடும்பங்கள் என்கின்றன. எதை நம்புவது? செய்முறை ஏட்டில் ஆரையின் அறிவியல் பெயரை மார்சீலியா குவாட்ரிஃபோலியா என்று எழுதுவதா, மார்சீலியா மினுட்டா என்று எழுதுவதா?

கேள்வி பல துண்டாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். இரண்டு செடிகள் உறவா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம், அந்த முடிவு ஏன் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது? நான் டெல்டாவில் பிறந்து வளர்ந்தவன். கல்லூரியில் பல வருடம் பெரணிப் பாடம் நடத்தியிருக்கிறேன். மூலக்கூறு ஆய்வு நான் செய்ததில்லை. அந்தப் பகுதியைப் படித்துத் தெரிந்துகொண்ட அளவில்தான் சொல்ல முடியும். செடியைக் கையில் பிடித்துப் பார்த்த பகுதியை மட்டும் கொஞ்சம் தைரியமாகச் சொல்வேன்.

முதலில் புளியாரையை ஒதுக்கிவிடலாம். அது பூக்கும் தாவரம். மூன்று சிற்றிலை, ஒவ்வொன்றும் இதய வடிவம், வாயில் போட்டால் புளிப்பு, சின்ன மஞ்சள் பூ, முற்றினால் வெடிக்கும் காய். ஆரைக்கு நான்கு சிற்றிலை, பூவே கிடையாது, காயும் கிடையாது, விதையும் கிடையாது. நீண்ட காம்பின் நுனியில் சிற்றிலைகள் விரிந்து நிற்பதும், இரவானால் இரண்டும் மடங்கிக்கொள்வதும் பொதுவாக இருப்பதால் வீட்டில் அப்படிச் சொல்வது இயல்புதான். ஆனால் பரிணாமக் கணக்கில் புளியாரைக்கு ஆரையைவிட உங்கள் வாசலில் நிற்கும் முருங்கையும் வேம்பும் மிக மிக நெருக்கம்.

ஆரை பெரணிதான் என்பதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. ஒரு கொடியைச் சேற்றோடு மெதுவாக உருவி எடுத்து, நுனிப் பக்கம் பாருங்கள். கொடி என்று நாம் சொல்வது தரையோடு படரும் தண்டு. அதன் நுனியில் இன்னும் விரியாத இளங்காம்பு ஒன்றிரண்டு சுருண்டு நிற்கும். கொல்லிமலையிலும் கொடைக்கானலிலும் பெரணி இளங்குருத்து எப்படிச் சுருண்டிருக்குமோ அதே சுருள், அளவில் மட்டும் சின்னது. சிற்றிலையை வெளிச்சத்தில் பிடித்தால் நரம்புகள் அடியிலிருந்து விசிறிபோலப் பிரிந்து போவதும், ஆங்காங்கே ஒன்றோடொன்று சேர்ந்து வலையாவதும் தெரியும். நான்கு சிற்றிலையும் ஒரே புள்ளியில் இருப்பதுபோல் தோன்றினாலும் லென்ஸ் வைத்தால் அவை இரண்டு ஜோடி, ஒரு ஜோடி இன்னொன்றுக்குக் கொஞ்சம் மேலே ஒட்டியிருக்கிறது என்பது புரியும். அதாவது, இறகுபோல் பிரிந்த பெரணி இலை ஒன்று மிகவும் சுருங்கி, கடைசி இரண்டு ஜோடியோடு நின்றுவிட்ட வடிவம் இது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். சம்பா அறுவடை முடிந்து, தண்ணீர் வற்றி, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மாதங்களில் ஆரை இலையெல்லாம் காய்ந்துவிடும். அப்போது வெடிப்பின் விளிம்பில் மண்ணைக் கிளறினால், பழைய காம்பின் அடியில் சின்னக் காம்போடு கறுப்பும் பழுப்புமாகக் கெட்டியான மணிகள் கிடைக்கும். உளுந்தைவிடச் சின்னது, பக்கவாட்டில் தட்டையானது, நகத்தால் அழுத்தினால் நசுங்காது. இதுதான் ஸ்போரோகார்ப், அதாவது ஸ்போர்களை (விதைக்குப் பதிலாகப் பெரணி உண்டாக்கும் நுண்துகள்களை) மூடிவைத்திருக்கும் கூடு. இதன் ஓடு தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே தண்ணீரில் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும், ஒன்றும் நடக்காது. பிளேடால் ஒரு விளிம்பை மட்டும் லேசாகச் சீவிவிட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஓடு இரண்டாகப் பிளக்கும். உள்ளிருந்து கண்ணாடிபோல் தெளிந்த, வழுவழுப்பான, புழுபோன்ற ஒரு இழை வெளியே வரும். அது ஓட்டின் அளவைப்போல் பல மடங்கு நீளும். அதன் இருபுறமும் சின்னப் பைகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் ஸ்போர் உண்டாகும் உறைகளான ஸ்போராஞ்சியங்கள் இருக்கின்றன. அரை மணி நேரத்துக்குள் இவ்வளவும் நடந்துவிடும். என் மாணவர்களில் இதைப் பார்த்து அசந்துபோகாதவர் ஒருவரும் இல்லை.

அந்தப் பைகளை ஊசியால் கிழித்து லென்ஸில் பார்த்தால் இரண்டு விதமான ஸ்போர் தெரியும். வெள்ளைப் புள்ளியாக வெறும் கண்ணுக்கே தெரியும் பெரியது ஒன்று, தூசிபோல் இருக்கும் சின்னது ஒன்று. பெரியதிலிருந்து பெண் கேமீட்டகத் தாவரம் (கருவுறுதலுக்கான சின்னத் தலைமுறை) வரும், சின்னதிலிருந்து ஆண். இரண்டுமே ஸ்போர் ஓட்டுக்கு உள்ளேயே வளர்ந்து முடிந்துவிடும். மற்ற பெரணிகளில் ஸ்போர் முளைத்து, தரையில் பச்சையாக ஒரு சின்ன இதய வடிவச் செதில் உண்டாகி, அது தனியாகச் சாப்பிட்டு வளர்ந்து, அப்புறம்தான் கருவுறுதல். ஆரைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. சின்ன ஸ்போர் ஈரமானதிலிருந்து ஏறத்தாழ 11 மணி நேரத்தில் உள்ளே 32 விந்தணுக்கள் உருவாகி வெளியே வந்துவிடும் என்பதை அமெரிக்க இனமான மார்சீலியா வெஸ்டிடாவில் ஆய்வகக்காரர்கள் துல்லியமாக அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு விந்தணுவும் சுருள் வடிவம், நூற்றுக்கு மேல் நீந்தும் இழைகள் கொண்டது. தண்ணீர் சில வாரம்தான் நிற்கும் இடத்தில் வாழும் செடிக்கு இந்த வேகம் அவசியம்.

ஸ்போர் இரண்டு அளவில் இருப்பதுதான் உறவைக் கண்டுபிடிப்பதற்கான பெரிய தடயம். உலகத்தில் பத்தாயிரத்துக்கு மேல் பெரணி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ எல்லாமே ஒரே அளவு ஸ்போர் உண்டாக்குபவை. முழுமையாக இரண்டு அளவு ஸ்போர் கொண்ட உயிருள்ள பெரணிகள் ஐந்தே பேரினங்கள்: மார்சீலியா, ரெக்னெல்லிடியம், பிலுலேரியா, சால்வினியா, அசோலா. முதல் மூன்றும் சேர்ந்தது மார்சீலியேசி குடும்பம். பின் இரண்டும் சேர்ந்தது சால்வினியேசி குடும்பம். இரண்டும் சேர்ந்து சால்வினியேல்ஸ் துறை. 2016-இல் உலகப் பெரணி ஆய்வாளர்கள் பலர் கூடி வெளியிட்ட வகைப்பாட்டிலும் இப்படித்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிளாட்டிசோமா என்று ஒரு பெரணி ஓரளவுக்கு இரண்டு அளவு ஸ்போர் காட்டுகிறது. ஆனால் அது வேறு குடும்பம், அதன் கேமீட்டகத் தாவரம் ஓட்டுக்கு வெளியே வளர்கிறது.

மார்சீலியேசி சின்னக் குடும்பம். எல்லாம் சேர்த்து 60 சொச்சம் இனங்கள். அதில் மிகப் பெரும்பான்மை மார்சீலியாவே. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, நம் நாடு என்று வெப்பமான இடங்களில் எல்லாம் பரவியிருக்கிறது. பிலுலேரியாவில் சில இனங்கள்தான், ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று குளிர்ந்த பக்கங்களில் வளர்பவை. அதற்கு இலைப்பரப்பே கிடையாது, வெறும் காம்பு மட்டும், பார்த்தால் புல் என்றே நினைப்பீர்கள். இளங்காம்பு சுருண்டிருப்பதுதான் காட்டிக்கொடுக்கும். ரெக்னெல்லிடியத்தில் ஒரே ஒரு இனம், தெற்கு பிரேசிலிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் மட்டும். அதற்கு இரண்டு சிற்றிலை, காம்பை ஒடித்தால் பால் வடியும். பெரணிகளில் பால் வடிவது மிக அரிது.

நான்கு, இரண்டு, பூஜ்யம் என்ற இந்த வரிசையைப் பார்த்ததும் பரிணாமம் அப்படியே படி இறங்கி வந்திருக்கிறது என்று எழுதத் தோன்றும். பரீட்சைத் தாள்களில் நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். இங்கே கவனமாக இருக்க வேண்டும். பெரணி ஆய்வாளர் கேத்லீன் பிரையர் 1999-இல் உருவ அமைப்பையும் மரபணு வரிசையையும் சேர்த்துப் பார்த்ததில் ரெக்னெல்லிடியமும் பிலுலேரியாவும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம், மார்சீலியா அந்த ஜோடிக்குச் சகோதரக் கிளை என்று வந்தது. பிறகு நாகலிங்கமும் மற்றவர்களும் 2007, 2008 ஆண்டுகளில் இன்னும் அதிக இனங்களை வைத்துச் செய்த வேலையிலும் அதுவே உறுதியானது. இதை நான் உறுதியான செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கிளை வரிசை தெரிந்ததால் மட்டும் பொது மூதாதைக்கு எத்தனை சிற்றிலை இருந்தது என்பது தெரிந்துவிடாது. நான்கு இருந்து ஒரு பக்கம் குறைந்திருக்கலாம். இன்னும் அதிகமாக இருந்து, மூன்றிலும் வெவ்வேறு கட்டத்தில் நின்றிருக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த தடயம் ஆரைக் கன்றிலேயே இருக்கிறது. மேலே சொன்ன டம்ளரைச் சில வாரம் விட்டுவைத்துப் பாருங்கள். முளைத்து வரும் கன்றின் முதல் இலை வெறும் நூல், பிலுலேரியாவின் இலைபோலவே. அடுத்தடுத்த இலைகள் நுனியில் கரண்டிபோல் அகலும். அப்புறம் இரண்டாகப் பிளந்த இலைகள் வரும். அதற்குப் பிறகுதான் நான்கு சிற்றிலை. பிரையரும் டேவிட் ஹெர்னும் 2009-இல் மூன்று பேரினங்களின் இலைகளையும் முதல் இலையிலிருந்து வரிசையாக எடுத்து, வடிவத்தைக் கணக்கிட்டு ஒப்பிட்டார்கள். சாதாரணப் பெரணி ஒன்று இளம் இலையிலிருந்து முதிர்ந்த இறகு இலைவரை போகும் பாதையில், மார்சீலியேசி முழுவதுமே சீக்கிரமாகவே நின்றுவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. பிலுலேரியா எல்லாவற்றுக்கும் முன்பே நின்றுவிடுகிறது, ரெக்னெல்லிடியம் கொஞ்சம் தள்ளி, மார்சீலியா இன்னும் கொஞ்சம் தள்ளி. சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் ஸ்போர் போட்டுவிட்டு, தண்ணீர் வற்றுவதற்குள் வேலையை முடிக்க வேண்டிய வாழ்க்கையோடு இது நன்றாகப் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதால் அதுதான் காரணம் என்று நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது புத்தகங்கள் ஏன் முரண்படுகின்றன என்பதற்கு வருகிறேன். பழைய தாவரவியலாளர்கள் இரண்டு அளவு ஸ்போர், தண்ணீர் வாழ்க்கை இரண்டையும் பார்த்து நீர்ப்பெரணிகள் என்று ஒரே கூட்டமாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃப். ஓ. போவர் போன்ற பெரணி ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. அவர்கள் ஸ்போராஞ்சியம் எப்படி உண்டாகிறது, எங்கே ஒட்டியிருக்கிறது, அதை மூடும் தோல் எப்படி இருக்கிறது என்று நுணுக்கமாகப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தபோது மார்சீலியா சைசியேசி என்ற வேறொரு பெரணிக் குடும்பத்தின் பக்கமும், சால்வினியாவும் அசோலாவும் மெல்லிய படலப் பெரணிகள் பக்கமும் போவதாகத் தோன்றியது. அப்படியானால் இரண்டு அளவு ஸ்போர் இருமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும். இது சோம்பேறித்தனமான கருத்து இல்லை. தாவர வரலாற்றில் இரண்டு அளவு ஸ்போர் பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பெரணி அல்லாத, விதையும் இல்லாத செலாஜினெல்லாவின் வம்சத்தில் ஒருமுறை, விதைத் தாவரங்களின் முன்னோரில் ஒருமுறை என்று. பெரணிகளில் இருமுறை என்றால் நம்ப முடியாத விஷயம் ஒன்றும் இல்லை.

ஸ்போரோகார்ப்பை வெட்டிப் பார்த்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். மார்சீலியாவின் ஸ்போரோகார்ப்பில் பல சோரஸ்கள் (ஸ்போராஞ்சியக் கொத்துகள்), ஒவ்வொன்றிலும் பெரிய ஸ்போர் போடும் ஸ்போராஞ்சியமும் சின்ன ஸ்போர் போடுவதும் கலந்து இருக்கும். இலையின் ஒரு பகுதியே மடிந்து, கெட்டியாகி, அந்தச் சோரஸ்களை மூடியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நம் நாட்டு வி. பூரி, எம். எல். கார்க் இருவரும் 1953-இல் மார்சீலியா மினுட்டாவின் ஸ்போரோகார்ப்புக்குள் நரம்புகள் ஓடும் பாதையைப் பின்தொடர்ந்து இந்த விவாதத்துக்கு முக்கியமான பங்களிப்பு செய்திருக்கிறார்கள். அசோலாவிலோ சால்வினியாவிலோ ஸ்போரோகார்ப் என்று சொல்லப்படுவது ஒரே ஒரு சோரஸ், அதன் மேல் மெல்லிய மூடுதோல், அவ்வளவுதான். ஒரு ஸ்போரோகார்ப்பில் பெரிய ஸ்போர் மட்டும் அல்லது சின்ன ஸ்போர் மட்டும். எனவே இந்த இரண்டு உறுப்பும் ஒன்றுக்கொன்று சமம் இல்லை. செய்முறைத் தேர்வில் இரண்டையும் ஒப்பிடச் சொன்னால் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

விவாதம் திரும்பியது 1994-இல். அந்த ஒரே வருடத்தில் இரண்டு பக்கத்திலிருந்து சான்று வந்தது. ஜப்பானைச் சேர்ந்த மிட்சுயாசு ஹசெபேவும் சக ஆய்வாளர்களும் பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல் மரபணுவின் வரிசையைப் பல பெரணிகளில் ஒப்பிட்டார்கள். மார்சீலியேசியும் சால்வினியேசியும் ஒரே கிளையாக வந்தன. அதே வருடம் ராத்வெல், ஸ்டாக்கி இருவரும் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்துப் பிற்காலக் கிரெட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்) பாறையிலிருந்து ஹைட்ராப்டெரிஸ் பின்னேட்டா என்ற புதைபடிவத்தை விவரித்தார்கள். மார்சீலியாபோல் படரும் தண்டு, இறகுபோல் பிரிந்த இலை, ஆனால் ஸ்போரின் அமைப்பு அசோலாவின் பக்கம். இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் நிற்கும் செடி. அதற்குப் பிறகு அதிக மரபணுக்களை வைத்துச் செய்த ஒவ்வொரு பெரிய ஆய்விலும் இந்த ஐந்து பேரினங்களும் ஒரே கிளையாகவே வருகின்றன. ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: புதிய கட்டுரைகள் சொல்வது சரி. ஆரையும் அசோலாவும் பங்காளிகள். ஒரே மூதாதை, அப்புறம் பாகப்பிரிவினை, அதற்குப் பின் ஒன்று சேற்றில் வேரூன்றி நின்றது, இன்னொன்று தண்ணீரின் மேல் மிதக்கப் போனது. ஹைட்ராப்டெரிஸ் சரியாக எந்தக் கிளையின் அடியில் உட்காருகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. பிரையரின் 1999 கட்டுரையே அதை மறுபடி கேள்விக்குள்ளாக்கியது. அது எங்கே போனாலும் ஐந்து பேரினங்களின் உறவு குலையாது.

தண்ணீரில் வாழ்வது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது என்று போவர் காலத்தவர்கள் சொன்னது இன்றைக்கும் செல்லும். அதற்கும் டெல்டாவிலேயே உதாரணம் இருக்கிறது. வயல் வாய்க்காலில் செரடாப்டெரிஸ் என்ற இன்னொரு பெரணி வளர்கிறது. சதைப்பற்றான காம்பு, கொத்தமல்லிபோல் நறுக்கிய இலை. தண்ணீர் ஓரத்தில் ஆரைக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் அது டெரிடேசி குடும்பம். அதற்கு மிக நெருங்கிய சொந்தம் அலையாத்திக் காடுகளில் உப்புச் சேற்றில் ஆள் உயரம் வளரும் அக்ரோஸ்டிகம். பார்வைக்கு ஒட்டே கிடையாது. மரபணு வரிசைதான் அந்த இரண்டையும் ஒன்று சேர்த்தது. நீர்ப்பெரணி என்று செரடாப்டெரிஸையும் ஆரையோடு சேர்த்துக் கட்டியிருந்தால் தவறாகப் போயிருக்கும்.

பெரணிகளின் பெரிய மரத்தில் சால்வினியேல்ஸ் எங்கே நிற்கிறது? மரப்பெரணிகள், மற்றும் நாம் சாதாரணமாகப் பார்க்கும் பெரும்பாலான பெரணிகள் அடங்கிய பாலிபோடியேல்ஸ், இந்த இரண்டுக்கும் பக்கத்தில். மூன்றும் ஒரு கூட்டம் என்பதில் சந்தேகமில்லை. சைசியேசி அதற்கு முன்பே பிரிந்துபோனது. எனவே மார்சீலியா அதிலிருந்து வந்தது என்ற கருத்தைக் கைவிட்டுவிடலாம். மூன்றுக்குள் யார் முதலில் பிரிந்தார் என்பதில் ஆரம்பகால ஆய்வுகள் தயங்கின. பிறகு உட்கரு மரபணுக்களை வைத்துச் செய்த பெரும்பாலான ஆய்வுகள் சால்வினியேல்ஸ் முதலில் பிரிந்தது என்ற பக்கம் சாய்கின்றன. உறவைப்போல் இதை அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன்.

குடும்பத்தின் வயதுக்குப் புதைபடிவங்கள் நல்ல சான்று. கிரெட்டேசியஸ் காலப் பாறைகளிலேயே மார்சீலியேசியின் ஸ்போர்களும் இலைகளும் கிடைக்கின்றன. அதாவது டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே இந்தக் குடும்பம் இருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து ரெக்னெல்லிடியம் பேரினத்தில் சேர்க்கப்பட்ட ஸ்போரோகார்ப்பே விவரிக்கப்பட்டிருக்கிறது. இன்று பிரேசில் பக்கத்தில் ஒரே இனமாக ஒடுங்கிக் கிடப்பது ஒரு காலத்தில் உலகம் பரவியிருந்த வம்சத்தின் மிச்சம். நம் நாட்டிலும் சான்று உண்டு. மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்து மோகாவ் கலானில், எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே இருந்த பழைய ஏரிப் படிவங்கள் கல்லாகியிருக்கின்றன, வயது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டு. அதிலிருந்து புதைபடிவத் தாவர ஆய்வாளர் பீர்பால் சாஹ்னி ரோடெய்ட்டிஸ் என்று பெயரிட்ட ஸ்போரோகார்ப், மார்சீலியேசியைச் சேர்ந்தது. தக்காண எரிமலைகள் பொங்கிக்கொண்டிருந்த இடைவெளிகளில், தண்ணீர் தேங்கிய குட்டைகளில் ஆரையின் சொந்தங்கள் முளைத்துக்கொண்டிருந்தன என்பதை நினைத்துப்பார்த்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அவ்வளவு பரவியதற்கு ஸ்போரோகார்ப்பின் உறுதியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹெர்பேரியம் (உலர்த்திய தாவர மாதிரித் தொகுப்பு) தாளில் நூறு வருடத்துக்கு நெருக்கமாக ஒட்டிக்கிடந்த ஸ்போரோகார்ப்பைச் சீவித் தண்ணீரில் போட்டபோது உள்ளே உயிர் இருந்தது என்று பதிவு இருக்கிறது. நீர்ப்பறவை விழுங்கினாலும் அதன் வயிற்றைக் கடந்து உயிரோடு வெளியே வரும் என்று 1965-இல் அமெரிக்காவில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். அந்த வாத்துகளும் ஆரையை வயலுக்கு வயல் கொண்டுபோகின்றனவா என்பது என் ஊகம் மட்டுமே. உங்களைப்போல் படிக்கிறவர்கள் செய்து பார்க்கக்கூடிய அருமையான சின்ன ஆய்வு அது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், பாடநூல்களில் குறைவாகவே வருகிறது. ஒரே அளவு ஸ்போர் கொண்ட பெரணிகளில் குரோமோசோம் எண்ணிக்கை மிக அதிகம், கேமீட்டில் (விந்தணு அல்லது முட்டையில்) சராசரி 57 அளவில். மார்சீலியாவில் பெரும்பாலும் 20. மொத்த டிஎன்ஏ அளவிலும் அப்படித்தான். 2018-இல் அசோலா ஃபிலிகுலாய்டிஸ், சால்வினியா குகுல்லாட்டா இரண்டின் முழு மரபுத்தொகையும் வெளியானது. அசோலாவுக்கு சுமார் 75 கோடி டிஎன்ஏ எழுத்து, சால்வினியாவுக்கு சுமார் 26 கோடிதான். சாதாரணப் பெரணிகளில் ஆயிரம் கோடியைத் தாண்டுவது சகஜம். இரண்டு அளவு ஸ்போருக்கும் சின்ன மரபுத்தொகைக்கும் தொடர்பு இருப்பது விதைத் தாவரங்களைத் தவிர மற்ற வம்சங்களிலும் தெரிகிறது. எது காரணம், எது விளைவு என்பது திறந்த கேள்வி.

கடைசியாகச் செய்முறை ஏடு. டெல்டா வயல்களில் நான் பார்த்த ஆரை எல்லாமே மார்சீலியா மினுட்டாதான். குவாட்ரிஃபோலியா ஐரோப்பாவிலும் ஆசியாவின் மிதவெப்பப் பகுதிகளிலும் காஷ்மீரிலும் வளர்வது. லின்னேயஸ் 1753-இலேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டதால், நான்கு இலை உள்ளதெல்லாம் அதுதான் என்று மருத்துவ நூல்களும் கீரைப் பட்டியல்களும் எழுதிவருகின்றன. மினுட்டாவுக்கு அவர் பெயர் வைத்தது 1771-இல். அவருடைய மாணவர் கேனிக் தரங்கம்பாடியில் இருந்த காலம் அது. இலையை வைத்து இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம். தண்ணீர் ஆழமாக இருந்தால் சிற்றிலை மிதந்து, விளிம்பு வழவழப்பாக இருக்கும். தண்ணீர் வற்றினால் அதே கொடியில் சின்னதாக, விளிம்பில் பல்பல்லாக வெட்டுப்பட்ட இலை வரும். ஸ்போரோகார்ப்பைப் பாருங்கள். மினுட்டாவில் அதன் காம்புகள் இலைக்காம்பின் அடியிலேயே தொடங்கும், ஸ்போரோகார்ப்பின் காம்புப் பக்கத்தில் சின்னப் பல் ஒன்று துருத்திக்கொண்டு தெரியும். குவாட்ரிஃபோலியாவில் ஸ்போரோகார்ப்புக் காம்பு இலைக்காம்பின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே ஒட்டியிருக்கும், பல் மழுங்கியிருக்கும் அல்லது இருக்காது.

தென்கிழக்கு ஆசியாவில் கிரனேட்டா என்று தனிப் பெயரில் சொல்லப்படுவது மினுட்டாவிலிருந்து உண்மையில் வேறா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. அந்த எல்லை உங்கள் ஏட்டுக்குத் தேவைப்படாது. மாதிரி எடுக்கும்போது தை, மாசியில் தண்ணீர் வடியும் நேரம் பார்த்து, இலைக்காம்பின் அடிப்பகுதி முறியாமல், ஸ்போரோகார்ப்போடு சேர்த்து எடுங்கள். மண்ணை அலசிவிட்டு செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து உலர்த்துங்கள். வெறும் இலை மட்டும் இருக்கும் மாதிரியை யாரிடம் காட்டினாலும் மார்சீலியா என்பதற்கு மேல் பெயர் சொல்ல முடியாது.